பேண்டுக்குள் பாடும் கிழவர்கள்

ஹல் நகரிலிருந்து தெற்கே போகும் பேருந்து ஹம்பர் பாலத்தில் ஏறியதும் சன்னலுக்கு வெளியே பழுப்புத் தண்ணீர் விரிகிறது. கடல் உள்ளே புகுந்து மண்ணைக் கலக்கிவிட்டுப் போன நிறம். கோபுரத்துக்குக் கோபுரம் 1,410 மீட்டர். 1981-இல் திறந்தபோது உலகிலேயே நீளமான இடைவெளியைத் தாண்டிய தொங்குபாலம் இதுதான். 1998-இல் ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலம் வந்து அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. ஹம்பர் பாலம் வருவதற்கு முன்பு இக்கரைக்கு வர நியூ ஹாலண்டு துறைக்குப் போகும் படகுதான் வழி. பாலம் முடிந்து இறங்கினால் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர். வடக்கு லிங்கன்ஷயர் இங்கே தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் லிங்கன் பேராலயத்தோடு திரும்பிவிடுவார்கள். இவ்வளவு வடக்கே வருவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். கான்சர்ட் பேண்டு இசையில் மனம் பறிகொடுத்தவருக்கு அந்தக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலம் கண்முன் வரும். இல்லையென்றால் குடியரசு தின அணிவகுப்பில் காலடிக்குத் தாளம் கொடுத்துக்கொண்டு போகும் போலீஸ் பேண்டு. கான்சர்ட் பேண்டு நடப்பதில்லை. மேடையில் உட்கார்ந்து, அவையோருக்காக வாசிக்கும். வயலின் குடும்பம் அதில் அநேகமாகக் கிடையாது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், சாக்ஸஃபோன், ட்ரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டியூபா என்று ஊதுகிற கருவிகளும் அவற்றோடு தாளக் கருவிகளும்தான். கிட்டத்தட்ட எல்லோரும் மூச்சைக் கொண்டே வாசிக்கிறார்கள். பாடகர் எங்கே மூச்சு வாங்குவாரோ, அங்கே இவர்களும் வாங்கியாக வேண்டும். இதைவிட உணர்ச்சியைச் சொல்லத் தகுந்த கருவிக்கூட்டம் வேறில்லை என்று நம்பினார் இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர். அந்த நம்பிக்கையில் 1937-இல் அவர் முடித்த படைப்பு ‘லிங்கன்ஷயர் போசி’. ஆறு சிறு பகுதிகள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். உலகெங்கும் பேண்டு வாசிக்கிறவர்கள் தங்கள் துறையின் சிகரங்களில் ஒன்றாக வைத்திருப்பது இதைத்தான்.

ஆறுக்கும் மூலம் நாட்டுப்பாடல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கதை உண்டு: கடலோடி, கருமி, திருட்டு வேட்டைக்காரர்கள், போர், காணாமல் போன பெண். ஆனால் கிரெய்ஞ்சர் கதையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் அதைப் பாடியவரின் உருவப்படம் என்று முன்னுரையில் எழுதினார். அந்தப் பாடகர்களுக்கே படைப்பைக் காணிக்கையாக்கினார். அந்த ஆட்களில் பெரும்பாலோர் இந்தச் சிறிய வட்டாரத்தில் சூளையிலும் வயலிலும் வேலை பார்த்து முதுமையடைந்தவர்கள். அவர்களுடைய ஊர்களை ஒரே நாளில் சுற்றிவிடலாம்.

பார்ட்டனில் ஆற்றோரமாக நடந்தால் காலுக்கடியில் களிமண். இந்தக் களிமண்தான் ஊருக்குச் சோறு போட்டது. கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் இருந்தன. தோண்டிய பள்ளங்கள் இப்போது நாணல் சூழ்ந்த குளங்களாகிப் பறவைகளுக்கு வீடாகிவிட்டன. ஜார்ஜ் ரே எட்டு வயதில் வேலைக்குப் போனது இப்படியொரு சூளைக்கு. பதினேழில் கப்பலேறிச் சமையல்காரராகவும் பணியாளராகவும் ஊர் சுற்றினார். கையில் காசோடு வந்தாரோ இல்லையோ, நெஞ்சு நிறையப் பாட்டோடு வந்தார். பிறகு மறுபடியும் சூளை, நாற்பது வருடம். கிரெய்ஞ்சர் அவரைச் சந்தித்தபோது வயது எண்பதை எட்டியிருந்தது. தேவாலயப் பாடகர் குழுக்கள்தான் நாட்டுப்பாட்டைக் கெடுத்தன, பியானோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடுவது மகா பாவம் என்றெல்லாம் சூடாகப் பேசுகிற ஆள். கேட்டுக்கொண்டிருந்தவரோ லண்டனில் பியானோ வாசித்துப் பிழைத்தவர்!

ரே பாடியது ‘லார்டு மெல்போர்ன்’ என்ற போர்ப்பாட்டு. உண்மையில் அது மார்ல்பரோ கோமகனைப் பற்றியது. வாய்வழி வந்ததில் பெயர் மாறிவிட்டது. போசியின் ஐந்தாம் பகுதியில் இது வருகிறது. பித்தளைக் கருவிகள் கனமாக, மூர்க்கமாக எழும். பல இடங்களில் தாளக்கட்டே கிடையாது; அங்கே இசையை நடத்துபவர் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாகக் கையை இறக்க வேண்டும்; எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது அவர் விருப்பம். அறுபது பேர் ஒரே கிழவரின் நாக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சாகப்போகும் படைத்தலைவன் தன் வீரர்களிடம் பேசுகிற பாட்டு அது. அவன் எந்தச் சொல்லில் நிறுத்துவான், எதை விழுங்கிவிட்டு மேலே போவான் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையை கிரெய்ஞ்சர் அப்படியே வாசிப்பவர்கள் முன்னால் வைத்துவிட்டார்.

கிழக்கே சிறிது தூரத்தில் பாரோ-அப்பான்-ஹம்பர். கடலுக்குப் போன காதலன் திரும்பி வந்து மணமுடிக்கும் பாட்டைக் கொடுத்த திருமதி தாம்ப்சன் இந்த ஊரில் வாழ்ந்தவர். நான்காம் பகுதி அவருடையது. கிளாரினெட்டுகள் இதமாகத் தொடங்கும் அது ஆறிலும் மிக இனிமையானது, அதிகம் விளக்கம் கேட்காதது.

சாலை மேற்கே திரும்பி சவுத் ஃபெரிபியில் இறங்குகிறது. ஆங்கோம் ஆறு மதகு வழியாக ஹம்பரில் விழுவது இங்கேதான். இங்கிருந்து பிரிக் ஊர்வரை குன்றின் அடிவாரத்தை ஒட்டியே வழி: இடது பக்கம் சுண்ணாம்புக் குன்று, வலது பக்கம் தாளில் கோடு கிழித்ததுபோல் வெட்டி நேராக்கிய ஆறும் அதன் தட்டையான வயல்களும். ஹார்க்ஸ்டோ, சாக்ஸ்பி ஆல் செயின்ட்ஸ், பான்பி, வொர்லபி என்று வரிசையாகச் சின்ன ஊர்கள். களிமண் ஜார்ஜ் ரேக்குப் பிழைப்புக் கொடுத்தது என்றால், குன்றின் சுண்ணாம்பு ஜார்ஜ் கோல்ட்தார்ப்புக்குக் கொடுத்தது. அவர் சுண்ணாம்புக் காளவாய்த் தொழிலாளி. முதுமையில் வறுமை மிதித்துவிட்டது. அவர் பாட்டில் அலங்காரம் ஏதும் இல்லை, எலும்பும் தோலுமாக நின்றது என்ற பொருளில் கிரெய்ஞ்சர் குறித்து வைத்திருக்கிறார்.

அவர் பாடியது ‘ஹார்க்ஸ்டோ கிரேஞ்ச்’. பண்ணைக்காரக் கருமிக்கும் அவனிடம் வேலை பார்த்த வண்டிக்காரனுக்கும் நடந்த அடிதடி பற்றிய உள்ளூர்ப் பாட்டு. அந்த வண்டிக்காரனின் பட்டப்பெயரைத்தான் ‘ஸ்டீலை ஸ்பான்’ என்ற ஆங்கில நாட்டுப்புற ராக் குழு பின்னாளில் தனக்கு வைத்துக்கொண்டது. ஊர் இன்றும் ஒரு தெருவும் கொஞ்சம் வீடுகளுமாகத்தான் இருக்கிறது. அடித்துக்கொண்டவர்களுக்கு நினைவுக்கல் எதுவும் தேட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஊருக்குக் கீழே ஆங்கோம் மீது நிற்கும் பாலம். ஜான் ரென்னி வடிவமைத்து 1836-இல் முடிந்த தொங்குபாலம் அது. இரண்டு பக்கமும் கல் வளைவுகள், நடுவே இரும்பில் தொங்கும் மரப்பலகைத் தளம். நடந்தால் பலகை காலுக்குக் கீழே பதில் சொல்கிறது. காலையில் தாண்டி வந்த ராட்சதப் பாலத்துக்கு 145 வயது மூத்த உறவுக்காரன்.

ஹார்க்ஸ்டோவுக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1756 வாக்கில் இங்கே ஒரு பண்ணைவீட்டில் தங்கி, செத்த குதிரைகளைக் கப்பி கட்டித் தொங்கவிட்டு, தோல், தசை, நரம்பு என்று அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் பதினெட்டு மாதம் போல அந்த வேலை நடந்தது. 1766-இல் அது ‘குதிரையின் உடற்கூறு’ என்ற நூலாக வந்தது. உயிருள்ள குதிரையை அவரைப்போல வரைந்தவர் இல்லை என்று பெயர் வாங்கியது இந்த உழைப்பால். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே சாலையில் வந்த இசைக்காரர், குரலை அதே பிடிவாதத்தோடு பிரித்துப் பார்த்தார்.

போசியின் இரண்டாம் பகுதி ஹார்க்ஸ்டோ கிரேஞ்ச். அடிதடிக் கதை என்று நினைத்துக் கேட்பவர் ஏமாறுவார். சத்தமில்லை, வேகமில்லை. அகன்ற, மெதுவான மெட்டு. நாலு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருக்கும்போதே ஓர் இடத்தில் ஐந்தாகி, மறுபடி நாலாகும். அந்தக் கூடுதல் ஓர் எண்ணிக்கை, பாடகர் ஒரு சொல்லின் மேல் சாய்ந்துகொண்ட இடம். நடுவில் ஒற்றை ட்ரம்பெட் தனியே பாடுகிறது. பிறகு பேண்டு முழுவதும் திரண்டு, தாங்க முடியாத கனத்துக்கு ஏறி, உரசும் சுரங்களோடு இறங்குகிறது. சண்டையை இசை காட்டவில்லை. அந்தச் சண்டையைப் பின்னாளில் பாடிக்கொண்டிருந்த ஏழைக் கிழவரைக் காட்டுகிறது. கதை சொல்வதில் இதைவிட நேர்மையான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த ஊர் சாக்ஸ்பி ஆல் செயின்ட்ஸ். பண்ணை நிர்வாகம் பார்த்த ஜோசஃப் டெய்லர் இங்கே வாழ்ந்தார். எழுபதைக் கடந்த பிறகும் தெளிந்த குரல், அலட்டாமல் எட்டும் மேல் சுரம், சொடுக்கினாற்போல் விழும் பிர்கா. நாட்டுப்பாட்டைக் கெடுத்ததாக ஜார்ஜ் ரே திட்டிய தேவாலயப் பாடகர் குழுவில்தான் இவர் நெடுங்காலம் பாடினார். குரல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1908-இல் கிராமஃபோன் கம்பெனி இவரை லண்டனுக்கு அழைத்துப் பதிவு செய்து இசைத்தட்டு வெளியிட்டது. இங்கிலாந்தின் பரம்பரை நாட்டுப்பாடகர் ஒருவரின் குரல் விற்பனைக்கு வந்தது அதுதான் முதல் முறை.

டெய்லர் கொடுத்தது ‘ரஃபோர்டு பார்க் போச்சர்ஸ்’. நடந்த சம்பவம்: 1851-இல் பக்கத்து நாட்டிங்காம்ஷயரில், பிரபுக்களின் காட்டில் வேட்டையாட ஏழைகளுக்கும் உரிமை உண்டென்று கூட்டமாகப் புகுந்தவர்களுக்கும் காவல்காரர்களுக்கும் கைகலப்பு, ஒரு காவல்காரர் இறந்தார், நாடுகடத்தல் தண்டனை விழுந்தது. பாட்டு வேட்டைக்காரர்கள் பக்கம் நிற்கிறது. கிரெய்ஞ்சர் இதைத் தொடங்கும் விதத்தைக் காது கூர்ந்து கேட்க வேண்டும். உச்சியில் பிக்கோலோவும் ஒரு கிளாரினெட்டும் மெட்டைப் பிடிக்கின்றன. ஒரு நடை பின்னால், அதே மெட்டைச் சின்ன கிளாரினெட்டும் அடியில் பேஸ் கிளாரினெட்டும் தொடர்கின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை, வெற்றிடம். இருட்டில் ஒருவன் முன்னால் போக இன்னொருவன் அவன் சுவட்டில் காலை வைப்பதுபோல. தாளம் நாலெட்டு, ஐந்தெட்டு என்று அடிக்கடி மாறுவதால் யார் கால் எப்போது தரையில் படும் என்று கேட்பவருக்குப் பிடிபடாது. பிறகு ஒரு தனிக் குரல் எழுகிறது. அச்சில் இரண்டு வடிவங்கள் உண்டு, ஒன்றில் ஃப்ளூகல்ஹார்ன், மற்றதில் சொப்ரானோ சாக்ஸஃபோன். அதற்கும் பின்னால் பேண்டு மொத்தமும் ஒரே கோபமாக வெடிக்கிறது. மூன்று நான்கு நிமிடத்துக்குள் பதுங்கலும் மோதலும் இழப்பும் முடிந்துவிடுகின்றன, ஒரு சொல் இல்லாமல்.

பிரிக் சின்னச் சந்தை ஊர். ஆங்கோம் இரு கிளையாகப் பிரிந்து ஊரைச் சுற்றிப் போகிறது. ஆகஸ்டு 5-ஆம் தேதி கூடிவந்த குதிரைச் சந்தைக்குப் பேர்போனது. அந்தச் சந்தைக்குக் காதலியைப் பார்க்கப் போகிறவனின் பாட்டு ‘பிரிக் ஃபேர்’. டெய்லருக்கு அதில் இரண்டே அடுக்குகள்தான் தெரியும். கிரெய்ஞ்சர் வேறு பாட்டுகளிலிருந்து சேர்த்து நிரப்பிப் பாடகர் குழுவுக்கு அமைத்தார். அவரிடமிருந்து மெட்டை வாங்கிய இசையமைப்பாளர் டீலியஸ் 1907-இல் பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பே எழுதிவிட்டார். எல்லாவற்றுக்கும் தொடக்கம் 1905 ஏப்ரலில் இங்கே நடந்த வட லிங்கன்ஷயர் இசைப்போட்டி. ஊர்ப் பெரிய வீட்டுத் தம்பதி ஜெர்வேஸ் எல்விஸ், வினிஃப்ரீட் அம்மையார் இருவரும் அதன் பின்னணியில் இருந்தார்கள். ஜெர்வேஸ் நல்ல டெனார் பாடகர். நாட்டுப்பாட்டுக்கென்று அந்த வருடம் தனிப் பிரிவு வைத்தார்கள். பாட்டைச் சொந்தக்காரர்களே வந்து பாட வேண்டும். பரிசு டெய்லருக்கு. அவையில் உட்கார்ந்திருந்த கிரெய்ஞ்சருக்கு அப்போது வயது 22. மெல்போர்னில் பிறந்து, ஃபிராங்க்ஃபர்ட்டில் படித்து, லண்டன் மாளிகைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கிழவர்களின் குரல் அவரை விடவில்லை.

அடுத்த வருடம் கையில் எடிசன் பெல் ஃபோனோகிராஃபோடு திரும்பி வந்தார். மெழுகு உருளை சுழலும். பாடுகிறவர் ஊதுகுழலின் வாயருகே முகத்தை வைத்துப் பாட, ஊசி மெழுகில் கீறிக்கொண்டே போகும். ஓர் உருளைக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான் இடம். தான் பல காலம் கற்ற பாட்டை இந்தப் பெட்டி ஒரே தடவையில் கற்றுவிட்டதே என்று ஒருவர் வியந்தார். வாய்க்கட்டு போட்டுக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது என்றும் குறை வந்தது. கிரெய்ஞ்சர் உருளைகளைத் திரும்பத் திரும்ப, வேகம் குறைத்துக் கேட்டார். ஓர் அடியில் குழைந்த சுரம் அடுத்த அடியில் நிமிர்ந்திருக்கும்; ஓரிடத்தில் கமகம், இன்னோரிடத்தில் இல்லை; ஒரு வரியில் அரை எண்ணிக்கை கூடுதல். பிழை என்று மற்றவர்கள் நேராக்கிவிடும் இவையெல்லாம் பாடகரின் கலை என்று கண்டுகொண்டார். 1908-இல் நாட்டுப்பாட்டுச் சங்கத்தின் இதழில் அத்தனை நெளிவுகளோடும் பாட்டுகளை அச்சேற்றினார். செசில் ஷார்ப் போன்ற மூத்த சேகரிப்பாளர்களுக்கு இந்த யந்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. காது போதும், எதற்கு யந்திரம் என்ற கட்சி. இதில் கிரெய்ஞ்சர் பக்கமே நியாயம் என்பதற்கு இன்றும் கேட்கக் கிடைக்கும் அந்த உருளைகளே சாட்சி.

பிரிக்கில் ஓர் ஒர்க்ஹவுஸ் இருந்தது. திக்கற்ற ஏழைகளை அடைத்து, வேலை வாங்கிச் சோறு போட்ட விடுதி. தெற்கே ஹிபால்ட்ஸ்டோ ஊரைச் சேர்ந்த திரு. டீன் அங்கே கிடந்தார். 1905-இல் கிரெய்ஞ்சர் கேட்டுக்கொண்டபோது ‘லிஸ்பன்’ என்ற கடலோடிப் பாட்டைத் தொடங்கினார். சில அடிகள்கூடத் தாண்டவில்லை. இளமை நினைவுகள் மேலே வந்து மோத, குமுறி அழுதுவிட்டார். வற்புறுத்த மனமின்றி கிரெய்ஞ்சர் எழுந்து வந்துவிட்டார். மறுவருடம் ஃபோனோகிராஃபோடு போனால், கிழவர் மாடிப்படியில் விழுந்து தலையில் காயத்தோடு மருத்துவப் பிரிவில் படுத்திருக்கிறார். உடம்பு பலவீனம், பாட முடியாது என்றார். சரி, நீங்கள் பாட வேண்டாம், மற்றவர்கள் பாடியதைக் கேளுங்கள் என்று கிரெய்ஞ்சர் ஓர் உருளையை ஓடவிட்டார். அது பாதிகூட முடிவதற்குள் கிழவர் தானே பாடுவதாகச் சொல்லிவிட்டார். யந்திரத்தைக் கட்டில்மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பாட்டின் நடுவே, தனக்கு இது சந்தோஷமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் மெழுகில் பதிந்துவிட்டது.

போசி திறப்பது இந்தப் பாட்டோடுதான். அழுத மனிதரின் பாட்டு என்று தெரிந்து கேட்பவரை அது திகைக்க வைக்கும். அழுகையே இல்லை. வாய் அடைத்த ட்ரம்பெட்டுகளும் பஸ்ஸூனும் கப்பல் தளத்தில் காற்று வாங்குவதுபோல் துள்ளலாக ஆரம்பிக்கின்றன. சற்று நேரத்தில் ஹார்ன்கள் குறுக்கே வேறொரு பாட்டைக் கொண்டுவருகின்றன: மார்ல்பரோ கோமகனின் பாட்டு. கிழவரை அழவைத்தது துயரமான மெட்டு அல்ல. இந்தச் சந்தோஷ மெட்டுதான். இளமை எவ்வளவு துள்ளலாக இருந்ததோ அவ்வளவுக்கு அவர் அழுதிருக்கிறார். சோகத்தைச் சோக ராகத்தில் பூசிக் காட்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிரெய்ஞ்சர் டீனை அப்படி அவமதிக்கவில்லை.

இந்த ஊர்ப் பாட்டுகள் பேண்டுக்குள் போய்ச் சேர முப்பது வருடமும் ஓர் அட்லாண்டிக் சமுத்திரமும் தேவைப்பட்டன. 1914-இல் கிரெய்ஞ்சர் அமெரிக்கா போனார். 1917-இல் ராணுவ பேண்டில் சேர்ந்து சாக்ஸஃபோனும் ஓபோவும் வாசித்தார். பேண்டின் ஒவ்வொரு கருவிக்கும் என்ன மனசு என்று கற்றது அங்கேதான். 1937 மார்ச் 7-ஆம் தேதி மில்வாக்கியில், அமெரிக்க பேண்டுமாஸ்டர்கள் சங்க மாநாட்டில், அவரே நடத்தப் போசி அரங்கேறியது. வாசித்த மில்வாக்கி பேண்டில் அந்த ஊர் பீர் ஆலைகளின் பேண்டுக்காரர்கள் கலந்திருந்தார்கள். ஆறையும் அவர்களால் வாசிக்க முடியவில்லை. மாறிக்கொண்டேயிருக்கும் தாளம் காலை வாரியது. அச்சில் வந்த முன்னுரையில் கிரெய்ஞ்சரின் கோபம் பதிவாகியிருக்கிறது: இந்தத் தாளங்களுக்கு முரண்டு பிடிப்பவர்கள், இசையைவிட பீரை அதிகம் நினைக்கும் பழுத்த தொழில்முறைக்காரர்கள் மட்டும்தான். இசை நடத்துநர் ஃபிரெடரிக் ஃபென்னல் 1958-இல் ஈஸ்ட்மன் குழுவோடு பதிவு செய்த பிறகு உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. அவரே பல வருடம் உட்கார்ந்து அச்சுப் பிழைகளைக் களைந்து 1987-இல் முழு இசைத்தாளை வெளியிட்டார்.

ஆறாம் பகுதிக்கு மட்டும் இந்த வழியில் ஊர் இல்லை. ‘தி லாஸ்ட் லேடி ஃபவுண்டு’ பாட்டை கிரெய்ஞ்சர் பாடக் கேட்டு எழுதவில்லை. பாட்டுச் சேகரித்த லூசி பிராட்வுட் கொடுத்தது. லூசியின் குடும்பத்தில் தாதியாக இருந்த திருமதி ஹில் அதைப் பாடினார். அவர் லிங்கன்ஷயரின் தென்கோடியில் இருக்கும் ஸ்டாம்ஃபோர்டில் பிறந்தவர். ஜிப்ஸிகள் தூக்கிச் சென்ற பெண், அவளைக் கொன்றதாகப் பழி சுமந்து தூக்குமேடைக்குப் போகும் சித்தப்பா, தேடிக் கண்டுபிடித்துக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் காதலன் என்று கதை. சிறுமியாக இருந்தபோது ஒரு சமையல்காரப் பாட்டியிடம் திருமதி ஹில் இதைக் கற்றார். அந்தப் பாட்டி பாடும்போது ஆடுவார்; இரும்புக் குறடு மாட்டிய காலால் சமையலறைக் கல்தரையில் தாளம் போடுவார். பேண்டு முழுவதும் இசைச்சேர்க்கை எதுவுமின்றி ஒரே குரலாக மெட்டைத் தூக்கி, மூன்று எண்ணிக்கைக்கு ஓர் அடி என்று உதைத்துக்கொண்டு கிளம்புகிறது. அடுக்குக்கு அடுக்கு கருவிகள் சேர்ந்துகொண்டே வர, கடைசியில் மணிகளும் தாளக் கருவிகளும் கலகலவென்று வந்து விழும்போது, கல்தரையில் அந்தச் சமையல்காரப் பாட்டியின் இரும்புக் குறடு ஓங்கி ஓங்கி அடிக்கிறது.